கர்ப்பகால சுகரும் கொழுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பத்தில் சுகர் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் முதலில் காணாமல் போவது சர்க்கரை டப்பா. அதே வாரம், ‘பிள்ளைக்குத் தெம்பு வேணுமே’ என்று நெய்யும் முந்திரியும் கூடிவிடும். இன்னொரு வீட்டில் நேர்மாறாக, எண்ணெயே ஆகாதென்று ரசம் சோறும் கஞ்சியுமாகவே நாள் ஓடும். சுகர் இரண்டு வீட்டிலும் இறங்காது. கொழுப்பைப் பற்றிக் கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரை, ஊசி, அவற்றின் அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. அதில் நான் தலையிடவில்லை.

நான் இனிப்பே தொடுவதில்லை. காபிக்குக்கூடச் சர்க்கரை போடமாட்டேன். எனக்கு எப்படி வந்தது?

இனிப்பு தின்றால்தான் வரும் என்பது ஊரில் உள்ள நம்பிக்கை. நடப்பது வேறு. நஞ்சுக்கொடி வளர வளரப் பல ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் வேலை செய்வதை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டில்லாமல் போய்ச்சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஐந்தாம் மாதத்துக்கு மேல் இது வேகமெடுக்கும். கடைசி மாதங்களில் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரந்தாக வேண்டும். யாருடைய கணையத்தால் அது முடியவில்லையோ அவர்களுக்குச் சுகர் ஏறுகிறது.

கொழுப்பு குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும் தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும் என்று 1963-லேயே பிலிப் ராண்டில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தன. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் தேவைக்கு மேல் சேரும் கொழுப்பு, குறிப்பாக நெய், பாமாயில், தேங்காயில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற வகைக் கொழுப்பு, இன்சுலின் கொடுக்கும் உத்தரவு செல்லின் உள்ளே போய்ச்சேராமல் இடைமறிக்கிறது. ஏற்கெனவே நஞ்சுக்கொடியால் திணறும் கணையத்துக்கு இது இன்னொரு பாரம்.

ஆனால் வரிசை முக்கியம். பெற்றோருக்குச் சுகர் இருப்பது, கர்ப்பத்துக்கு முன்பே இருந்த எடை, வயது, பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முந்தைய கர்ப்பத்தில் வந்திருப்பது, இவைதான் முன்வரிசைக் காரணங்கள். சாப்பாட்டுக் கொழுப்பு அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது. “நீ நெய் தின்னதாலதான் வந்துது” என்று யாராவது சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எண்ணெயைக் குறைத்தால் வராமல் தடுக்கலாமா?

மொத்த அளவைக் குறைப்பதால் பெரிய லாபம் இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் கொழுப்பு என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

அமெரிக்காவில் நர்ஸ்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 13,475 பெண்கள், கருவுறுவதற்கு முன் என்ன வகைக் கொழுப்பு சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 860 பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்திருந்தது. விலங்குக் கொழுப்பை மிக அதிகம் சாப்பிட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ 1.9 மடங்கு. கொலஸ்டிரால் அதிகமுள்ள உணவுக்கும் இதே திசையில் ஒரு தொடர்பு இருந்தது. தாவர எண்ணெயில் கிடைக்கும் நிறைவுறாக் கொழுப்புகளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

இதை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த நான் தயங்குவேன். அங்கே விலங்குக் கொழுப்பு என்றால் பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, சீஸ், வெண்ணெய், அதுவும் தினம். நம்மில் பலர் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். நம் வீட்டில் நிறைவுற்ற கொழுப்பு வருவது பாமாயில், தேங்காய், நெய், கொழுப்பு எடுக்காத பால், கடைப் பலகாரம் ஆகியவற்றில் இருந்து. மேலும் இது கவனித்துப் பார்த்த ஆய்வு. கறி அதிகம் சாப்பிடுகிறவர் வேறு எத்தனையோ விஷயங்களிலும் மற்றவரிடமிருந்து வேறுபடுவார்.

அதே நர்ஸ்கள் ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு, 2006-ல் வந்தது. தினம் சாப்பிடும் நார்ச்சத்து 10 கிராம் கூடினால் ஆபத்து 26 சதவீதம் குறைவாக இருந்தது. எண்ணெயை அளக்கும் வீடுகளில் கீரையையும் சுண்டலையும் யாரும் அளப்பதில்லை.

கருவுறுவதற்கு முன் சாப்பிட்டதைப் பற்றிப் பேசுகிறீர்களே. எனக்கு இப்போது ஐந்து மாதம். இனி என்ன பயன்?

கருவுற்ற பிறகு மாற்றினாலும் பயன் உண்டு. அதற்கு நல்ல சாட்சி ஸ்பெயினில் இருக்கிறது. மாட்ரிட் நகரின் சான் கார்லோஸ் மருத்துவமனையில் 8 முதல் 12 வாரக் கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, கொழுப்பு எதுவானாலும் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற வழக்கமான அறிவுரை. இன்னொரு குழுவுக்குத் தினம் குறைந்தது 40 மில்லி ஆலிவ் எண்ணெய், கூடவே 25–30 கிராம் பிஸ்தா. எண்ணெய் கூடச் சாப்பிட்ட குழுவில் 17.1 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவில் 23.4 சதவீதம். 2017-ல் இது வெளிவந்தபோது ‘கொழுப்பு என்றாலே குறை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

பிரிட்டனில் 1,252 பெண்களிடம் இதே போன்ற ஒரு சோதனை. முடிவு 2019-ல் வந்தது. எடை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு என்று ஏதாவது ஒன்று ஏற்கெனவே கூடியிருந்த பெண்கள் இவர்கள். பாதாம், அக்ரூட், ஹேசல் கொட்டை கலந்து தினம் 30 கிராம், கூடவே ஆலிவ் எண்ணெய். கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்தது. எடை கூடியதும் குறைவு: சராசரியாக 6.8 கிலோ, மற்றக் குழுவில் 8.3.

எதிர்ச்சாட்சியும் சொல்லிவிடுகிறேன். அதே பிரிட்டனில் உடல் பருமனுள்ள 1,555 கர்ப்பிணிகளிடம் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் குறைத்து, நடைப்பயிற்சியும் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள், 2015-ல் வெளியானது. சுகர் வந்தவர்கள் ஒரு குழுவில் 25 சதவீதம், மற்றதில் 26. வித்தியாசமே இல்லை. கர்ப்பத்தின் நடுவில் தொடங்கிய மாற்றம் எல்லாருக்கும் கைகொடுக்காது. முன்கூட்டியே தொடங்குவதும், கெட்டதை எடுப்பதோடு நிற்காமல் அந்த இடத்தில் நல்லதை வைப்பதும்தான் வேலை செய்கிறது என்பது இவற்றை வரிசையாகப் படித்த என் கணிப்பு.

அப்போது ஆலிவ் எண்ணெய் வாங்கிவிடட்டுமா?

வசதி இருந்தால் வாங்குங்கள், கெடுதல் இல்லை. அந்த விலைக்கு நல்ல கடலெண்ணெயும் அரைக்கிலோ வேர்க்கடலையும் வாரம் முழுக்கக் கீரையும் வாங்கினால் இன்னும் நல்லது. மாட்ரிட்காரர்கள் ஆலிவைக் கொடுத்தது அது அவர்கள் ஊர் எண்ணெய் என்பதால். அதன் சிறப்பு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. கடலெண்ணெயில் ஏறத்தாழப் பாதி அந்த வகைதான். ஆலிவில் உள்ள வேறு சில நுண்பொருள்கள் இதில் கிடைக்காது, உண்மை. ஆனால் தாளிக்கும்போது புகையவிட்டுக் கடுகு போடும் கையில் அவை எவ்வளவு மிஞ்சும் என்பதும் யோசிக்க வேண்டியது.

பிஸ்தாவுக்குப் பதில் வேர்க்கடலை. உப்பு போடாமல் வறுத்ததோ வேகவைத்ததோ, ஒரு கைப்பிடி. முந்திரியைவிடப் பாதாம் மேல், இரண்டையும்விட உங்கள் பட்ஜெட்டுக்கு வேர்க்கடலை மேல்.

எந்த எண்ணெய்? எவ்வளவு?

அளவை முதலில் முடித்துவிடலாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு, அதாவது எண்ணெயும் நெய்யும் சேர்த்து, 30 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிடுகிறது. ஆறு ஏழு தேக்கரண்டி வரும். ஆனால் நம் சமையலில் யாரும் தேக்கரண்டியால் எண்ணெய் ஊற்றுவதில்லை. தூக்கில் இருந்து சாய்ப்பதுதான் வழக்கம். அதனால் மாதக் கணக்கில் பாருங்கள்: ஓர் ஆளுக்கு மாதம் சுமாராக ஒரு லிட்டர், அதற்குள் நெய்யும் அடக்கம். மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்கிறது என்றால் எங்கேயோ பொரிப்பது அதிகமாகிறது.

இனி வகை. கடலெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் அதைவிடவும் கம்மி, ஏழில் ஒரு பங்கு. மீதி ஒற்றையும் பன்மையுமான நிறைவுறாக் கொழுப்பு ஏறக்குறையச் சரிபாதி. என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே போதும். தவிட்டு எண்ணெயும் நல்ல தேர்வு. சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுற்றது குறைவுதான், ஆனால் ஒமேகா-6 என்ற ஒரு வகைக் கொழுப்பு மட்டும் மிகுதி. அதையே பன்னிரண்டு மாதமும் ஊற்றாமல் மாற்றிக்கொள்ளுங்கள். எள் கருவைக் கலைக்கும் என்று நல்லெண்ணெயை ஒதுக்குகிற வீடுகள் இருக்கின்றன. இட்லிப் பொடிக்கு ஊற்றும் அளவுக்கு அப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ரேஷன் பாமாயில் பற்றித்தான் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல். எனவே வீட்டில் அது ஒன்றே எண்ணெயாக இருக்கக் கூடாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அவளுக்கான பொரியலையும் குழம்பையும் கடலெண்ணெயில் தாளியுங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய் அவள் ஒருத்திக்கு ஒரு மாதம் வரும். செலவு கட்டுக்குள் நிற்கும்.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா? கொழுப்பின் வகை இரண்டிலும் ஒன்றுதான். செக்கில் ஆட்டினால் வாசமும் சில நுண்சத்துகளும் தங்கும். செக்குத் தேங்காயெண்ணெய் தேங்காயெண்ணெயேதான், அதில் நிறைவுற்ற கொழுப்பு எண்பது சதவீதத்துக்கு மேல். மரச்செக்கு அதை மாற்றிவிடாது.

மாமியார் தினம் சோற்றில் நெய் ஊற்றுகிறார். ஒன்பதாம் மாதம் நெய் குடித்தால் பிரசவம் சுலபமாகும் என்கிறார்.

குடித்த நெய் வயிற்றில் செரித்து ரத்தத்துக்குப் போகும். பிரசவப் பாதைக்கு வழுவழுப்பாகப் போய்ச்சேர அதற்கு வழி ஏதும் கிடையாது. ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. நாள் முழுதும் எல்லா உணவிலும் சேர்த்து 22–24 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பதால், ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. பருப்புச் சோற்றுக்கு அத்தையே தன் கையால் ஒரு ஸ்பூன் ஊற்றட்டும். ஊற்றும் ஸ்பூன் குழிக்கரண்டியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

வனஸ்பதி வேறு சங்கதி. அதை வீட்டில் வைக்கவே வேண்டாம். எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிலைமை முன்னைவிட மேல். ஆனால் தெருமுனை பேக்கரியின் பப்ஸுக்கும் கிரீம் பன்னுக்கும் யார் சான்றிதழ் கொடுப்பது?

தேங்காய் இல்லாமல் எங்கள் வீட்டில் சமையலே இல்லை…

நிறுத்த வேண்டாம், கணக்குத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு கிராம் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. ஒரு மூடித் துருவல் 150 கிராம் என்று வைத்து, அதை நான்கு பேர் சட்னியாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்துவிடும். காலையிலேயே நாளின் பாதிப் பங்கு முடிந்தது. மதியம் குழம்பிலும் அரைத்துவிட்டு, கூட்டிலும் தூவினால் எங்கோ போய்விடும். காலையில் தேங்காய்ச் சட்னி என்றால் மதியம் அரைக்காத சாம்பார். பொட்டுக்கடலை பாதி, தேங்காய் பாதி. நடுநடுவே தக்காளி, புதினா, வேர்க்கடலைச் சட்னி. தேங்காயின் நிறைவுற்ற கொழுப்பு நெய்யில் உள்ளதில் இருந்து கொஞ்சம் வேறு ரகம் என்று வாதாடுபவர்கள் உண்டு. கர்ப்பகால நீரிழிவு விஷயத்தில் அந்த வாதத்தைத் தூக்கி நிறுத்தப் போதிய ஆய்வு இல்லாததால் நான் அதை நம்பிக் கூட ஒரு மூடி உடைக்கச் சொல்லமாட்டேன்.

வீட்டில் சுடும் பஜ்ஜியும் கூடாதா? மசக்கைக்கு அது ஒன்றுதான் வாய்க்கு இதமாக இருக்கிறது.

அதே அமெரிக்க நர்ஸ்களிடம் பொரித்த உணவைப் பற்றியும் கேட்டார்கள். 2014-ல் வந்த கட்டுரை. வாரத்தில் ஏழு முறையோ அதற்கு மேலோ பொரித்தது சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. பிரித்துப் பார்த்தபோது வெளியில் வாங்கிச் சாப்பிட்டதற்குத்தான் தொடர்பு தெளிவாக இருந்தது, வீட்டில் பொரித்ததற்கு இல்லை.

டீக்கடை வாணலியை ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் காரணம் புரியும். காலையில் வடை சுட்ட அதே எண்ணெய், மாலையில் மேலே கொஞ்சம் புதிது ஊற்றப்பட்டு பஜ்ஜிக்கு வரும். அடியில் கருகிய துகள், ஓரத்தில் நுரை, நிறம் காபி டிகாக்ஷனை நெருங்கும். சூடாக்கச் சூடாக்க எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வாணலிக்காரருக்கு அதை அளக்கும் கருவி எங்கே இருக்கப்போகிறது.

வீட்டில் புது எண்ணெயில், வாரம் ஒருநாள், நாலு பஜ்ஜி. மசக்கைக்காரியிடம் அதையும் பிடுங்க நான் ஆளில்லை. மிச்ச எண்ணெயைத் திரும்பப் பொரிக்க எடுக்காமல் ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மற்ற நாள்களுக்குச் சுண்டல் இருக்கிறது.

பால், முட்டை, கறி?

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. தினம் இரண்டு தம்ளர், அதாவது 400 மில்லி குடித்தால் 24 கிராமுக்கும் 12 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். நீலத்துக்கு மாறிவிடுங்கள், கால்சியம் குறையாது. முட்டை தினம் ஒன்று, மஞ்சள் கருவோடு. குழந்தையின் மூளைக்கு வேண்டிய கோலின் அதில்தான் இருக்கிறது. கோழி தோலுரித்து. ஆட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொழுப்பை அரிந்து எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை. ‘கொழுப்புக்கறி தனியாப் போடுங்க’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் பிரசவம் வரை வேண்டாம்.

மீன் நல்லதா? மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தால் சுகர் வராதா?

மீன் நல்லது. மாத்திரை சுகரைத் தடுக்காது. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குத் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு தினம் 800 மி.கி. கிடைக்கும் மீன் எண்ணெய், மறு பாதிக்குத் தாவர எண்ணெய் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பகால நீரிழிவில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் இதுபோன்ற பல சோதனைகளைச் சேர்த்து 2018-ல் செய்த பெரிய தொகுப்பாய்வில் குறைப்பிரசவம் கணிசமாகக் குறைந்திருந்தது. எனவே ஒமேகா-3 சாப்பிடக் காரணம் உண்டு. அது சுகர் இல்லை.

மத்தி, நெத்திலி, அயிலை போன்ற சின்ன மீன்கள் வாரம் இரண்டு முறை, குழம்பாக. இவைதான் மார்க்கெட்டில் விலை குறைந்தவையும்கூட. சுறாவையும் வாள்மீனையும் தவிருங்கள். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் சுரக்க என்று பிரசவத்துக்குப் பிறகு சுறாப்புட்டு செய்வது கடற்கரை ஊர்களின் அருமையான கைப்பக்குவம். அந்த மசாலாவும் பூண்டும் அப்படியே இருக்க, மீனை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

காட் லிவர் ஆயில் மாத்திரையைக் கர்ப்பத்தில் தொடாதீர்கள். அது மீனின் ஈரலில் இருந்து எடுப்பது. அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கலாம். அதில் இருந்து உடம்பு டி.எச்.ஏ. செய்துகொள்வது சொற்பம் என்பதால் பாசியில் இருந்து எடுக்கும் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

குளுக்கோஸ் டெஸ்டுக்கு முன்னால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டால் தப்பாகக் காட்டுமா?

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யும் டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து 5–10 நிமிடத்தில் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வரும் பெண்ணைத் திரும்பத் திரும்ப ஊசி குத்தி அலைக்கழிக்காத இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10 தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். தமிழ்நாட்டில் அவருடைய குழு எடுத்த கணக்கில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு இது இருந்தது. எல்லாருக்கும் டெஸ்ட் என்று தமிழக அரசு முடிவெடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குகள் இருக்கின்றன.

ஆனாலும் டெஸ்டுக்கு முன்னால் பூரி கிழங்கு வேண்டாம். எண்ணெய்ப் பண்டத்தின் மேல் அந்தத் தித்திப்புத் தண்ணீர் போனால் பலருக்குக் குமட்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி குடிக்க வேண்டும். தனியார் லேபில் வெறும் வயிற்றில் மூன்று முறை ரத்தம் எடுத்தால் எல்லை வேறு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவுக் கணக்கு. முதல் டெஸ்ட் நார்மல் என்றாலும் 24–28 வாரத்தில் இரண்டாவது முறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனக்கு வந்துவிட்டது. இப்போது தட்டில் என்ன மாற்ற வேண்டும்?

இங்கே கொழுப்பு இரண்டாமிடம். முதலிடம் சோற்றுக்கு. தட்டில் பாதி காய், கால் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவை, கால் மட்டும் சோறு அல்லது இட்லி, சப்பாத்தி. மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோறு குறைந்த இடத்தில் பசி அடங்க ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு முட்டையோ உதவும். அங்கேதான் நல்ல கொழுப்புக்கு வேலை.

சோற்றையும் மாவையும் அறவே குறைத்துக் கொழுப்பையே நம்பும் கீட்டோ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பத்தில் நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் கர்ப்பகால நீரிழிவு வந்த 59 பேருக்கு எல்லா வேளைச் சாப்பாட்டையும் ஆய்வாளர்களே கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மாவுச்சத்து 60, கொழுப்பு 25 சதவீதம். மற்றவர்களுக்கு மாவுச்சத்து 40, கொழுப்பு 45. 2023-ல் முடிவு வந்தது: பிறந்த குழந்தைகளின் உடல் கொழுப்பில் வித்தியாசம் இல்லை. அவர்கள் கொடுத்த மாவுச்சத்து முழுத் தானியமும் பயறுமாக இருந்த வகை என்பதைக் கவனிக்க வேண்டும். பச்சரிசிச் சோறு இரண்டு தட்டு என்று இதைப் படித்துவிடாதீர்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வரவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். நஞ்சுக்கொடியின் வேகத்துக்கு உங்கள் கணையம் ஈடுகொடுக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ‘வாயைக் கட்டவில்லை’ என்று பேசுகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

பரோட்டா சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தேன், நார்மல்! இட்லிக்குத்தான் ஏறுகிறது. அப்போது பரோட்டா சாப்பிடலாமா?

இது மீட்டர் காட்டும் கண்கட்டு வித்தை. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மைதாவை எண்ணெயில் ஊறவைத்து, வீசி, மடித்து, கல்லில் மறுபடி எண்ணெய் விட்டு எடுத்து, தேங்காய் அரைத்த சால்னாவை மேலே ஊற்றிச் சாப்பிடும்போது உள்ளே போன மாவு மெதுவாகத்தான் சர்க்கரையாகும். ஒரு மணியில் அடக்கமாக இருக்கும் அளவு மூன்றாவது மணியில் ஏறி, படுக்கப் போகும்வரை இறங்காமல் நிற்கலாம். பிரியாணியும் அப்படியே. சந்தேகமிருந்தால் இரண்டு மணியிலும் மூன்று மணியிலும் ஒருமுறை குத்திப் பாருங்கள். இட்லி ஏறுவதற்கு மருந்து எண்ணிக்கையைக் குறைத்துச் சாம்பாரைக் கெட்டியாகக் காயோடு ஊற்றுவதும், பொடிக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்ப்பதும்.

ரத்தத்தில் டிரைகிளிசரைடு 240 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்கு ஏறுவது இயல்பு. தாய் கொழுப்பை எரித்துக்கொண்டு குளுக்கோஸைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிறாள். லேப் காகிதத்தில் அச்சிட்டிருக்கும் 150 என்ற எல்லை கர்ப்பிணிக்கு உரியது இல்லை. சுகர் வந்தவர்களில், சுகர் கட்டுக்குள் இருந்தும் குழந்தை பெரிதாக வளர்வதற்கு இந்தக் கொழுப்பும் ஒரு காரணம் என்று சில ஆய்வுகள் காட்டுவதால் பொரித்ததையும் இனிப்பையும் குறைப்பது நியாயம்தான். 500-ஐத் தாண்டினால் டாக்டர் தனியாகக் கவனிப்பார். ஆயிரத்துக்கு மேல் போனால் கணைய அழற்சி அபாயம், அது அபூர்வம்.

நான் ஒல்லி. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். நம் நாட்டவருக்கு எடை குறைவாக இருந்தும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாக இருப்பதைப் புனேயில் டாக்டர் யாஜ்னிக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார். ஒல்லியானவர் கொழுப்பைக் குறைத்து எடை கூடாமல் போனால் அது வேறு தொல்லை. உங்களுக்குக் குறைக்கும் வேலை கிடையாது, மாற்றும் வேலை மட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு லேகியம், பூண்டுக் குழம்பு எல்லாம் சாப்பிடலாமா?

நல்லெண்ணெய் மிதக்கும் பூண்டுக் குழம்பு அளவோடு இருந்தால் சரி. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சுகர் தானாக இறங்கிவிடும். லேகியத்தில்தான் கவனம் வேண்டும். கருப்பட்டி அல்லது வெல்லம், நெய், நல்லெண்ணெய் மூன்றையும் சுருளக் கிளறியது அது. எலுமிச்சை அளவு உருண்டை இரண்டு வேளை என்பதை நெல்லிக்காய் அளவு ஒருவேளையாக்குங்கள். பாலூட்டும் தாய்க்கும் எண்ணெய்க் கணக்கு அதே 30 கிராம்தான். ஆனால் பத்தியம் என்று காய்கறியைச் சுருக்கி நெய்ச் சோற்றைப் பெருக்கும் அந்த நாற்பது நாளில்தான் கர்ப்பத்தில் கட்டிக்காத்ததெல்லாம் கைவிட்டுப் போகிறது. முருங்கைக்கீரையும் அவரைப்பிஞ்சும் பத்தியக் காய்கள்தானே, அவற்றைக் கூட்டலாம்.

ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே செய்துகொள்ளலாம். இதைத் தவறவிடுகிறவர்கள் மிகப் பலர். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று 2009-ல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 2020-ல் வந்த இன்னொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு என்றது. ஆறாவது வாரம் நார்மல் வந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் மாத்திரை, டெஸ்ட் எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்று நான்கு மாதம் முன்பே எண்ணெயையும் எடையையும் சரிசெய்யத் தொடங்குங்கள். முதல் செக்கப்புக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போய்ச் செவிலியரிடம் காட்டிவிடுங்கள்.